கார் நிறுவனத்துக்கு அரசு கைகொடுத்தால்: எந்த நிபந்தனை நிற்கும், எது காற்றோடு போகும்?

பாலிடெக்னிக்கில் வணிகம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2008இல் அமெரிக்க அரசு ஜெனரல் மோட்டார்ஸையும் க்ரைஸ்லரையும் காப்பாற்றியபோது ஏகப்பட்ட நிபந்தனைகள் போட்டதாகப் படித்தேன். மூழ்கிக்கொண்டிருப்பவனிடம் நிபந்தனை பேசுவது நியாயமா? அப்படியே போட்டாலும் பணம் கைக்கு வந்த பிறகு யார் அதை மதிப்பார்கள்? நம் சிங்கப்பூராக இருந்தால் என்ன செய்திருக்கும்?"

நான் பொருளியல் பேராசிரியன் இல்லை. இங்கே ஒரு வங்கியில் நிறுவனக் கடன் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் கடைசி ஏழு ஆண்டுகள் திரும்பி வராத கடன்களைத் துரத்தும் வேலை. அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கடன் பிரிவில் சேரும் புதியவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் சொல்லித் தருவார்கள். நிபந்தனைகள் இரண்டு வகை. பணம் கைமாறும் முன் நிறைவேற வேண்டியவை ஒன்று. பணம் போன பிறகு கடைப்பிடிப்பதாக எழுதிக் கொடுப்பவை இன்னொன்று. முதல் வகையில் பிடி நம் கையில் இருக்கும். கையெழுத்து வராவிட்டால் காசோலை வராது, அவ்வளவுதான். இரண்டாவது வகையில் பிடி அவர் கைக்குப் போய்விடும். மீறினால் கடனைத் திருப்பிக் கேட்போம் என்று எழுதியிருப்போம். ஆனால் கேட்டால் அவர் மூழ்குவார், நம் பணமும் சேர்ந்து மூழ்கும். அது அவருக்கும் தெரியும். அதனால் கேட்க மாட்டோம். வட்டியைக் கால் விழுக்காடு ஏற்றிவிட்டு, கடுமையான கடிதம் ஒன்று எழுதிவிட்டு, சும்மா இருப்போம். நானே அப்படிப் பல கடிதங்கள் எழுதியிருக்கிறேன்.

கார் நிறுவனங்களின் கதையும் இதேதான். "நஷ்டத்தில் யார் யார் எவ்வளவு ஏற்கிறீர்கள், இப்போதே சொல்லுங்கள்" என்று கேட்ட நிபந்தனைகள் நின்றிருக்கின்றன. "இன்னும் பத்து வருஷத்துக்கு இந்த ஆலையை மூட மாட்டேன்" என்று வாங்கிய வாக்குறுதிகள் பெரும்பாலும் நிற்கவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பழையது. 1979இல் க்ரைஸ்லர் திவாலாகும் நிலைக்கு வந்தது. தலைவர் லீ அயகோக்கா அரசிடம் போய் நின்றார். நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. 1980 ஜனவரியில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். அரசு நேரடியாகப் பணம் கொடுக்கவில்லை. க்ரைஸ்லர் வெளியில் வாங்கும் 1.5 பில்லியன் டாலர் வரையிலான கடனுக்கு உத்தரவாதம் மட்டும் கொடுத்தது. ஆனால் சட்டத்திலேயே ஒரு கொக்கி இருந்தது. தொழிலாளர்கள், வங்கிகள், உதிரிபாகம் தருபவர்கள், முகவர்கள், ஆலைகள் இருக்கும் மாநிலங்கள் எல்லாரும் சேர்ந்து சுமார் 2 பில்லியன் டாலர் அளவுக்கு விட்டுக்கொடுத்தால்தான் அந்த உத்தரவாதம். அதாவது அரசு கொடுப்பதைவிடக் கூடுதலாகக் குடும்பத்தார் போட வேண்டும்.

இதன் சூட்சுமத்தைப் பாருங்கள். ஒரு வங்கி மட்டும் "நான் விட்டுத்தர மாட்டேன்" என்று முறுக்கிக்கொண்டால் எல்லாருக்கும் நஷ்டம். அந்த வங்கியை மற்றவர்களே பிடித்து உலுக்குவார்கள். அரசு யாரையும் மிரட்டத் தேவையில்லை. தொழிற்சங்கம் ஊதியத்தில் இறங்கி வந்தது. பதிலுக்கு அதன் தலைவர் டக்ளஸ் ஃபிரேசருக்கு இயக்குநர் குழுவில் ஓர் இடம் கிடைத்தது. அயகோக்கா தனக்கு ஆண்டுச் சம்பளம் 1 டாலர் போதும் என்றார். அது வேடிக்கைக்காகச் சொன்னது என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழிலாளியிடம் போய் ஊதியத்தைக் குறைத்துக்கொள் என்று சொல்பவன் முதலில் தன் தட்டைக் காலி செய்து காட்ட வேண்டும்.

அரசு இன்னொன்றையும் கேட்டு வாங்கியது. 14.4 மில்லியன் பங்குகளை ஒரு குறிப்பிட்ட விலைக்கு வாங்கும் உரிமை. அன்றைக்குக் க்ரைஸ்லர் பங்கை யாரும் தொடக்கூட மாட்டார்கள் என்பதால் அந்த உரிமையை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1983இல் நிறுவனம் நிமிர்ந்து, கடனை ஏழு ஆண்டு முன்கூட்டியே அடைத்தது. அப்போது பார்த்தால் அந்த உரிமைக்கு நல்ல விலை! அதை விட்டுக்கொடுக்கும்படி க்ரைஸ்லர் கேட்டுப் பார்த்தது. அரசு மசியவில்லை, ஏலம் விட்டது. கடைசியில் க்ரைஸ்லரே 311 மில்லியன் டாலருக்கு ஏலம் எடுத்தது. வரி கட்டியவனுக்கு லாபம். "மூழ்குபவனிடம் நிபந்தனை பேசுவது நியாயமா" என்று கேட்டீர்கள். மூழ்கும்போது தூக்கிவிட்டவனுக்குக் கரையேறிய பிறகு ஒரு பங்கும் கிடையாது என்பது மட்டும் நியாயமா?

இனி 2008. அந்த நவம்பரில் டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கார் நிறுவனங்களான ஜெனரல் மோட்டார்ஸ், க்ரைஸ்லர், ஃபோர்டு ஆகியவற்றின் தலைவர்களும் 25 பில்லியன் டாலர் கேட்டு வாஷிங்டனுக்குப் போனார்கள். மூவரும் தனித்தனிச் சொந்த விமானத்தில். விசாரணையில் ஓர் உறுப்பினர், "சாதாரணப் பயணிகள் விமானத்தில் வந்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார். ஒரு கையும் எழவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் வரும்போது டெட்ராய்ட்டிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல் ஹைப்ரிட் காரில் வந்தார்கள். நாம் இங்கிருந்து பினாங்குக்குக் காரில் போவதைவிடத் தூரம். இந்தக் கூத்தைத்தான் ஊடகங்கள் பெரிதாகப் பேசின. அதனால் நிபந்தனை என்றாலே விமானத்தை விற்பது, தலைவர்களின் போனஸை வெட்டுவது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அவையும் வேண்டியவைதான். ஆனால் கணக்கில் அவை உப்புக்குப் பெறாதவை.

அந்த விசாரணையில் கவனிக்க வேண்டியவர் ஃபோர்டு தலைவர் ஆலன் முலாலி. ஃபோர்டு கடைசியில் அந்த மீட்பு நிதியைத் தொடவில்லை. இருந்தாலும் போட்டியாளர்களைக் காப்பாற்றச் சொல்லி வாதாடினார். காரணம் பெருந்தன்மை அல்ல. மூன்று நிறுவனங்களுக்கும் பிரேக், இருக்கை, ஒயரிங் தருபவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள். ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே நாளில் நின்றால் அவர்கள் படுப்பார்கள், பிறகு ஃபோர்டு ஆலையும் நிற்கும். ஒரு கடை மூடுவதற்கும் ஒரு கார் நிறுவனம் மூடுவதற்கும் வித்தியாசம் இதுதான். அரசால் எளிதில் கையை விரிக்க முடியாது, அது நிறுவனத்துக்கும் தெரியும்.

அந்த உதவிக்கான மசோதா செனட்டில் டிசம்பர் 11ஆம் தேதி விழுந்தது. ஊதியத்தை எப்போதைக்குள் ஜப்பானிய நிறுவனங்களின் அமெரிக்க ஆலைகள் அளவுக்குக் குறைப்பது என்பதில் பேச்சு முறிந்தது. அதிபர் புஷ் பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. டிசம்பர் 19ஆம் தேதி, வங்கிகளுக்காக ஒதுக்கிய நிதியிலிருந்து 17.4 பில்லியன் டாலர் அறிவித்தார். ஜெனரல் மோட்டார்ஸுக்கு 13.4, க்ரைஸ்லருக்கு 4. நிபந்தனைகள்: பிணையில்லாக் கடனில் மூன்றில் இரண்டு பங்கைப் பங்குகளாக மாற்றுவது, ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவ நிதிக்குத் தர வேண்டியதில் பாதியைப் பங்காகத் தருவது, ஊதியத்தையும் வேலை விதிகளையும் வெளிநாட்டு நிறுவனங்களின் அளவுக்குக் கொண்டுவருவது, பிப்ரவரி 17க்குள் பிழைக்கும் வழியைத் திட்டமாகக் காட்டுவது. மார்ச் 31க்குள் பிழைக்கும் என்று நிரூபிக்காவிட்டால் கடனைத் திருப்பிக் கேட்போம்.

படிக்கும்போது கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் தவணை ஏற்கெனவே போய்விட்டது. கடனைப் பங்காக மாற்றுவது போன்றவை இலக்குகள்தான். காரணம் சொன்னால் விலகலாம் என்றும் இருந்தது. என்ன நடந்தது? கடன் பத்திரம் வைத்திருந்தவர்கள் அசையவில்லை. அரசு எப்படியும் காப்பாற்றும், நாம் ஏன் விட்டுத்தர வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். துரத்தும் பிரிவில் ஏழு வருஷம் இருந்த எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

ஒபாமா அரசு அமைத்த குழு அந்தத் திட்டங்களை 2009 மார்ச் 30ஆம் தேதி நிராகரித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரிக் வாகனரை அதற்கு முன்பே விலகச் சொல்லிவிட்டார்கள். க்ரைஸ்லருக்கு 30 நாள், ஜெனரல் மோட்டார்ஸுக்கு 60 நாள். க்ரைஸ்லரை விட்டுவிடலாம் என்ற கருத்து அரசுக்குள்ளேயே பலமாக இருந்தது, அது வெளியிலும் தெரிந்தது. அங்கேதான் பேரம் மாறியது. ஏனென்றால் இம்முறை மிரட்டல் பொய்யில்லை. கெடு முடிந்த ஏப்ரல் 30ஆம் தேதி க்ரைஸ்லரைத் திவால் நீதிமன்றத்துக்கே அனுப்பினார்கள். ஜூன் 1ஆம் தேதி ஜெனரல் மோட்டார்ஸும் போனது. நீதிமன்றத்தில் நல்ல சொத்துகள் புதிய நிறுவனத்துக்குப் போயின, பழைய கடன்கள் பழைய கூட்டில் தங்கின. நாற்பது நாள் வாக்கில் இரண்டும் வெளியே வந்தன.

புதிய ஜெனரல் மோட்டார்ஸில் அமெரிக்க அரசுக்கு 60.8 விழுக்காடு, கனடாவுக்கு 11.7, தொழிலாளர் மருத்துவ நிதிக்கு 17.5. சுமார் 27 பில்லியன் டாலருக்குக் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு 10 விழுக்காடும் கொஞ்சம் பங்கு வாங்கும் உரிமையும். பழைய பங்குதாரர்களுக்குப் பூஜ்யம். பான்டியாக், சாட்டர்ன், ஹம்மர், சாப் நான்கும் கையைவிட்டுப் போயின. டிசம்பரில் காகிதத்தில் கேட்டு நடக்காதது ஆறு மாதத்தில் இப்படி நடந்து முடிந்தது. இந்த முறை பணம் தருவதற்கு முன்னாலேயே கணக்கைத் தீர்த்துவிட்டார்கள்.

எல்லாம் நியாயமாக நடந்ததா என்றால், இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய உதிரிபாகப் பிரிவான டெல்ஃபையில் சங்கத்தில் இருந்த ஓய்வூதியர்களுக்குக் குறைந்ததை ஈடுகட்டினார்கள். சங்கத்தில் இல்லாத அலுவலக ஊழியர்கள் சுமார் 20,000 பேரின் ஓய்வூதியம் வெட்டுப்பட்டதோடு சரி. பேரம் பேசும் மேசையில் நாற்காலி இல்லாதவனுக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

தொழிலாளர்கள் விட்டுக்கொடுத்தவையும் நீண்ட நாள் உறுத்தின. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழையவர்களைவிட மிகக் குறைந்த ஊதியம், விலைவாசிக்கேற்ப ஊதியம் ஏறுவது நிறுத்தம், 2015 வரை வேலைநிறுத்தம் இல்லை. அந்த இரட்டை ஊதியத்தையும் விலைவாசிப்படியையும் முன்வைத்துத்தான் 2023இல் மூன்று நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. நிபந்தனை போட்ட அதிபர்கள் இருவரும் பதவியைவிட்டுப் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. நிபந்தனை நின்றது என்று நான் சொல்வதில் இந்தப் பக்கமும் சேர்த்தி.

இனி நிற்காதவை.

க்ரைஸ்லரை இத்தாலியின் ஃபியட்டிடம் ஒப்படைத்தபோது அதற்கு முதலில் 20 விழுக்காடு பங்கு. மூன்று இலக்குகளை எட்டினால் ஒவ்வொன்றுக்கும் 5 விழுக்காடு கூடும். அதில் ஒன்று, ஒரு கேலனுக்கு 40 மைல், அதாவது லிட்டருக்கு 17 கிலோமீட்டர், ஓடும் காரை அமெரிக்காவில் தயாரிப்பது. பார்க்க அழகான நிபந்தனை. பசுமை, வேலைவாய்ப்பு இரண்டும் ஒரே வரியில். ஃபியட் டாட்ஜ் டார்ட் என்ற காரைக் கொண்டுவந்தது. அந்த 40 மைல்கூடச் சோதனைக்கூடக் கணக்குப்படிதான். 2012 ஜனவரியில் 5 விழுக்காடு கைக்கு வந்தது. கார் சரியாக விற்கவில்லை, 2016இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. எழுதியிருந்ததைச் செய்தார்கள். வாங்குவோர் பிக்கப் லாரி கேட்கும் நாட்டில் சிறிய காரை விற்றுக்காட்டு என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதினாலும் வாங்குவோர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடப்போவதில்லை.

பிரான்ஸ் இன்னும் நேரடியாகப் போனது. 2009 பிப்ரவரியில் அதிபர் சர்கோஸி ரெனோவுக்கும் பெஜோ சித்ரோவனுக்கும் தலா 3 பில்லியன் யூரோ கடன் அறிவித்தார். கடன் நிலுவையில் இருக்கும்வரை பிரான்சில் எந்த ஆலையையும் மூடக் கூடாது என்பது பேச்சு. செக் நாட்டில் செய்த காரைப் பிரான்சில் விற்பது சரியில்லை என்றும் சொல்லிவைத்தார். செக் பிரதமர் கொதித்தார். ஒரே சந்தை என்று சொல்லிவிட்டு இது என்ன என்று ஐரோப்பிய ஆணையம் கேட்டது. கடைசியில் அப்படி இடம்சார்ந்த நிபந்தனை ஏதும் இல்லை என்று பிரான்ஸ் உறுதியளிக்க வேண்டியதாயிற்று. 2011க்குள் கடனைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2012இல் பாரிஸ் அருகே ஓல்னே ஆலையை மூடப்போவதாக பெஜோ சித்ரோவன் அறிவித்தது. கடன் அடைந்ததும் நிபந்தனையும் அடைந்துவிட்டது!

ஆஸ்திரேலியக் கதை அதைவிட வலி. 2012 மார்ச்சில், ஜெனரல் மோட்டார்ஸின் ஆஸ்திரேலியக் கிளையான ஹோல்டனுக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 275 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் தருவதாக அறிவித்தன. பதிலுக்கு 2022 வரையாவது அங்கே கார் தயாரிப்போம் என்றது நிறுவனம். அடுத்த ஆண்டே, 2013 டிசம்பரில், மூடப்போவதாக அறிவிப்பு. 2017 அக்டோபர் 20ஆம் தேதி அடிலெய்டு அருகே எலிசபெத் ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. ஆஸ்திரேலிய நாணயத்தின் மதிப்பு ஏறியிருந்தது, உள்நாட்டுச் சந்தை சின்னது, முடிவெடுப்பவர்கள் டெட்ராய்ட்டில். வாக்குறுதி கொடுத்த நாளில் அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பத்து வருஷத்து நாணய மதிப்பைத் தெரியாமல் பத்து வருஷத்து வாக்குறுதி கொடுத்தார்கள், அரசும் தெரியாமலே வாங்கிக்கொண்டது.

பணம் திரும்பி வந்ததா என்று அடுத்துக் கேட்பீர்கள். அமெரிக்கக் கருவூலம் கார்த் துறையில் போட்டது சுமார் 80 பில்லியன் டாலர், திரும்பியது 70 பில்லியனுக்குச் சற்று மேல். கடைசி ஜெனரல் மோட்டார்ஸ் பங்கை 2013 டிசம்பரில் விற்றார்கள். பத்து பில்லியன் அளவுக்கு நஷ்டம். வேலையில்லாதோர் உதவித்தொகை, நின்றுபோகும் வரி வருமானம், ஓய்வூதியக் காப்பீட்டின் சுமை எல்லாவற்றையும் எதிர்ப்பக்கத்தில் வைத்தால் மலிவுதான் என்பது என் கருத்து.

சரி, சிங்கப்பூர். நாமும் ஒருகாலத்தில் பாகங்களைப் பூட்டிக் கார் தயாரித்தவர்கள்தான். அப்பர் புக்கிட் தீமா சாலையில் 1941இல் திறந்த ஃபோர்டு ஆலையை இன்று 1942இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த இடமாகத்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் அங்கே கார் பூட்டினார்கள். இறக்குமதி வரிப் பாதுகாப்பு இருக்கும்வரைதான் இங்கே அந்தத் தொழிலுக்கு உயிர். அரசு அந்தப் பாதுகாப்பை எடுத்தது, 1980இல் ஃபோர்டு ஆலையும் மூடியது. யாரும் மீட்புத் திட்டம் தீட்டவில்லை. ஆட்களுக்கு வேறு ஆலைகள் காத்திருந்த காலம் அது.

அண்மைக்கால உதாரணம் வேண்டுமென்றால் ஹைஃபிளக்ஸ். கார் நிறுவனம் இல்லை, தண்ணீர் நிறுவனம். அதன் முன்னுரிமைப் பங்குகளிலும் நிரந்தரப் பத்திரங்களிலும் சுமார் 34,000 சாதாரண முதலீட்டாளர்கள் பணம் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அதில் உண்டு. அரசு நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. 2019 மே மாதம் அதன் துவாஸ்பிரிங் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையை, தண்ணீர் வழங்கும் அரசு அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் எடுத்துக்கொண்டது. கொடுத்த விலை பூஜ்யம். தனக்கு வர வேண்டிய இழப்பீட்டைக் கழகம் கேட்காமல் விட்டது. குழாயில் தண்ணீர் நிற்கவில்லை, முதலீட்டாளர்களுக்குக் கை விரிப்பு. ஜெனரல் மோட்டார்ஸில் செய்ததன் சாரமும் ஏறக்குறைய இதுதான்: ஆலை பிழைக்கட்டும், பழைய பங்குதாரர் நஷ்டப்படட்டும். அந்த ஆசிரியையிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பணம் கைமாறிய பிறகு போடும் நிபந்தனை ஒருபோதும் நிற்காதா? நின்றதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். 2020இல் கொவிட் பரவியபோது கடைகளுக்கும் உணவகங்களுக்கும் அந்த ஆண்டின் சொத்து வரியை அரசு முழுதாகத் தள்ளுபடி செய்தது. தள்ளுபடி போவது கட்டட உரிமையாளருக்கு, அடிபட்டிருப்பது வாடகைக்கு இருப்பவர். வாடகைதாரருக்குக் கொடுங்கள் என்று அரசு முதலில் கேட்டுக்கொண்டது. ஏப்ரலில் அதையே சட்டமாக்கியது. என் மச்சான் தேக்கா பக்கம் சின்ன உணவகம் வைத்திருக்கிறார். அவருடைய கட்டட உரிமையாளர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று மூன்று மாதம் இழுத்தார். நான் அந்தச் சட்டப் பிரிவை அச்செடுத்துக் கொடுத்தேன். இந்தத் தொகை சட்டப்படி என் உரிமை, தராவிட்டால் முறையிட எனக்கு இடம் இருக்கிறது என்று மச்சான் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். எலிசபெத் ஆலைத் தொழிலாளியிடம் அப்படி நீட்ட ஒரு காகிதமும் இல்லை. 2022 என்பது அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையே பேசிய பேச்சு. மச்சானுக்கு அந்தத் தொகையை ஆகஸ்ட் வாடகையில் கழித்துக்கொடுத்தார்கள்.